தலையாட்டிய இரண்டு வருஷம்

காலைக் கால்பந்துப் பயிற்சியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்திருக்கிற உங்கள் ஆறு பேருக்கும் வணக்கம்.

போன வாரம் சங்கவி மேடம் என்னை உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "ஆயாம்மா பதினாறு வருஷமா இந்த கிரவுண்டுல இருக்காங்க, ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார். நான் வணக்கம் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நீங்கள் கைதட்டினீர்கள். நான் போய்த் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். பேச வராததை எழுதித் தருகிறேன் என்று மேடத்திடம் அன்றைக்கே சொன்னேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். மேடத்தின் தங்கை உட்கார்ந்து பிழை பார்த்துக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு என் நன்றி.

பந்தை எப்படி நிறுத்துவது, எப்படி உதைப்பது என்பதெல்லாம் மேடம் உங்களுக்குச் சொல்லித்தருவார். எனக்கு அது இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. நான் எழுதப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. அந்தத் தப்பில் நஷ்டப்பட்டது மேடம்தான். அதனால் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்க ஆயாம்மா. நடுவுல என்னப் பத்தி நல்லதா நாலு வரி சேத்துக்குங்க" என்றார். அந்த நஷ்டம் வந்தபோது அவள் பதினேழு வயசுப் பெண். இனி சங்கவி என்றே எழுதுகிறேன்.

நான் இங்கே வந்தது தண்ணீர் கொடுக்கத்தான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற இடத்தில் உதவியாளராக இருந்தேன். சமையலறைக்குப் பின்னால் இந்தத் தரிசு நிலம். சனி ஞாயிறுகளில் ஒருத்தர் வந்து பெண்பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுப்பார். அவரை எல்லோரும் சார் என்போம். வடசென்னையில் பந்து ஆடி வளர்ந்தவர். கல்யாணம் ஆகி இந்தப் பக்கம் வந்துவிட்டார். வீடு வேங்கிக்காலில், மோட்டார் உதிரி பாகக் கடை செங்கம் ரோட்டில். அவர் பெயரை இதில் எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். "சார்னே எழுதுங்கம்மா. அந்தப் பேரு எனக்கே மறந்துபோச்சு" என்று சிரித்தார்.

அவர்தான் ஒரு நாள் என்னிடம் வந்து, "மத்த நாள்ல காலையில ஆறு மணிக்கு நீங்க வந்து நில்லுங்கம்மா" என்றார்.

"எனக்கு ஆட்டம் தெரியாதுங்களே சார்."

"ஆட்டத்த நான் சனி ஞாயிறு பாத்துக்கறேன். நீங்க நின்னா புள்ளைங்க வரும். புள்ளைங்க வந்தா மிச்சமெல்லாம் தானா வரும்."

அப்படித்தான் நான் நிற்க ஆரம்பித்தேன். பந்து மூட்டை என் வீட்டில் இருக்கும். ஆறு மணிக்கு முன்னால் தூக்கிக்கொண்டு வருவேன். பிள்ளைகள் முதலில் வெறுங்காலோடு நாலு சுற்று ஓடும். பிறகு பந்தை உருட்டிக்கொண்டு நாலு சுற்று. பிறகு இரண்டு இரண்டு பேராக மாற்றி மாற்றித் தட்டும். ஏழரைக்கு நான் சமையலுக்கு ஓடிவிடுவேன். பௌர்ணமிக்கு மறுநாள் மட்டும் பயிற்சி கிடையாது. மலை சுற்ற வந்தவர்களின் வண்டிகள் நின்று மண் எல்லாம் வரிவரியாகக் கிடக்கும், கப்பும் தட்டும் பொறுக்கவே அந்தக் காலை சரியாகிவிடும். நீங்களும் பொறுக்குவீர்கள். முகம் சுளிக்காதீர்கள், பிள்ளைகள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் நீங்கள் ஆறு மணிக்கு வராமல் போனால் மறுநாள் நாலு பிள்ளை குறையும். அந்த நாலைத் திரும்ப வரவழைக்க ஒரு மாதம் ஆகும். காய்ச்சல் என்றால் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்தால் போதும்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

நான் நிற்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, புள்ளைங்க எல்லாம் ஒரே பக்கமா சுத்துதுங்க. நாளையிலேருந்து ஒரு நாள் வலது பக்கமா சுத்தட்டும், ஒரு நாள் இடது பக்கமா சுத்தட்டும். பந்தோட ஓடும்போதும் அதேதான். இல்லன்னா இதுங்களுக்குப் பீச்சாங்கால் சும்மா தொங்கறதுக்குத்தான் ஆவும்."

அவர் சொன்னது உண்மை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அம்மா இடுப்பில் இருந்த வயசிலேயே மலையைச் சுற்றியவர்கள். சுற்று என்று சொன்னால் போதும், நடுவில் இருப்பதைச் சோத்தாங்கைப் பக்கம் வைத்துக்கொண்டு வலமாகத்தான் கால் போகும். மைதானமாக இருந்தாலும் சரி, கல்யாணப் பந்தலாக இருந்தாலும் சரி.

நான் "சரி சார்" என்றேன்.

என் வீட்டுக்காரர் தவறி அப்போது மூன்று மாதம். கூடத்தில் அவரைக் கிடத்தி இருந்தபோது பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு அவரை இடமாகச் சுற்றி வந்தார்கள். எங்களுக்குள் அதற்கு மட்டும்தான் இடமாகச் சுற்றுவது. வேறு எதற்கும் கிடையாது.

திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளிடம் சார் சொன்னதைச் சொன்னேன். பதினெட்டுப் பெண்கள். வரிசையாக இடமாக ஓட ஆரம்பித்தார்கள். முன்னால் சின்னப் பிள்ளைகள், பின்னால் பெரியவர்கள். கால் சுற்றுகூட ஆகவில்லை. எனக்குக் கூடம் கண்முன்னால் வந்துவிட்டது. அதே உயரம், அதே வரிசை.

"நில்லுங்க. திரும்புங்க. எப்பவும் போல ஓடுங்க" என்றேன்.

சங்கவிதான் திரும்பி வந்து கேட்டாள். "சார் அந்தாண்ட ஓடச் சொன்னாருன்னு இப்பதான சொன்னீங்க ஆயாம்மா?"

"நான் சார்கிட்ட சொல்லிக்கறேன். நீ ஓடு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எங்கள் தெருப் பெண் அவள், அந்தச் சாவுக்கு வந்திருந்தவள். போய்ப் பிள்ளைகளைத் திருப்பினாள்.

சாரிடம் சொல்லத்தான் நினைத்தேன். சனிக்கிழமை அவர் வண்டியை நிறுத்தும்போதே, "இன்னாம்மா, ரெண்டு பக்கமும் ஓடுதுங்களா?" என்று கேட்டார். இல்லை சார் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார். சாவு, நெய்ப்பந்தம் என்று இவ்வளவையும் அவர் முன்னால் சொல்ல வேண்டும். அவர் சிரித்துவிட்டால்? நான் தலையாட்டினேன். அவர் சந்தோஷமாகப் போய்விட்டார். சனி ஞாயிறுகளில் அணி பிரித்து ஆட்டம்தான், சுற்றி ஓடுகிற வேலையே கிடையாது. அதனால் அவர் கண்ணில் அது படவே இல்லை. மாதம் ஒரு தடவையாவது கேட்பார். நான் தலையாட்டுவேன். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

கூச்சப்படுகிறவர்களை அடக்கமானவர்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். உங்களில் ஒன்றிரண்டு பேர் என்னைப் போல இருப்பதைப் பார்க்கிறேன், அவர்களுக்காகச் சொல்கிறேன். வாயாடுகிறவர் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார், சண்டை அங்கேயே முடிந்துவிடும். நான் தலையால் சரி என்று சொல்லிவிட்டு வேலையில் முடியாது என்று செய்தேன். அது அடக்கம் இல்லை, பொய்தான். வாய் திறக்காமல் சொன்ன பொய்.

அந்த வருஷப் போட்டி வேங்கிக்கால் பக்கத்து மைதானத்தில் நடந்தது. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் வந்து பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சங்கவிக்கு அந்தப் பிரிவில் அதுதான் கடைசி வருஷம். அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும். மாவட்டச் சட்டை போட வேண்டும் என்று பன்னிரண்டு வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். எங்கள் அணிக்கு அவள்தான் கேப்டன். வலது ஓரத்தில் ஆடுவாள்.

அரை மணி, அரை மணியாக இரண்டு பாதி ஆட்டம். பத்து நிமிஷம் எங்கள் பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடினார்கள். எதிர் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு பெண், ஒல்லியாக, தொப்பி போட்டவர். கோட்டோரம் நான் குடத்தோடு உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் நின்றார். முதலில் பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அப்புறம் திடீரென்று கையைத் தட்டிக் கத்தினார்.

"ஏய், எல்லாமே சோத்தாங்கைப் பக்கமாதான் திரும்புதுங்க! ஒண்ணுத்துக்கும் அந்தாண்ட வரல! இப்டியே கோட்டுக்கு ஒதுக்குங்க!"

கோட்டுக்கு வெளியே இருந்த அத்தனை பேரில், அது ஏன் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. சங்கவி பந்தோடு வருவாள். எதிரில் இருக்கிற பெண் இடது பக்கத்தைத் திறந்தே விட்டுவிட்டு வலது பக்கம் மட்டும் மறிப்பாள். சங்கவி இடமாகத் திரும்ப வேண்டும், அங்கேதான் கோல். கால் திரும்பாது. வலமாகவே திரும்புவாள். வலது ஓரத்தில் நிற்கிறவள் வலமாகத் திரும்பினால் கோட்டுக்கு வெளியேதான் போக வேண்டும். பந்து வெளியே போகும். மறுபடியும் வருவாள், மறுபடியும் வெளியே. மற்ற பிள்ளைகளும் அப்படியே. பாதி ஆட்டம் முடியும்போது நமக்கு ஒன்றும் இல்லை, அவர்களுக்கு இரண்டு கோல்.

இடைவேளையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு வருஷமா ரெண்டு பக்கமும் சுத்தறீங்க. இன்னைக்கு எல்லா காலும் ஒரே பக்கமா போவுது. இன்னா இது?" என்றார் சார்.

சார் சங்கவி பக்கம் திரும்பினார்.

"சங்கவி, நீ கேப்டன். நீ எந்தப் பக்கம் போறியோ அந்தப் பக்கம்தான் இதுங்களும் போவும். பாக்க வந்திருக்கவங்களுக்கு ஷோ காட்டறியா? நல்லா வர்றத மட்டும் காட்டுவோம்னு?"

சங்கவி தலையைத் தூக்கினாள். சாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அடுத்த பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இல்ல சார். சாரி சார்."

"எனக்கு சாரி வேணாம். பட்டையக் கழட்டு. வெளிய உக்காந்து ஆட்டத்தப் பாரு."

கையிலிருந்த கேப்டன் பட்டையை அவள் கழற்றிக் கொடுத்தாள். சார் அதைக் கோல் காக்கிற மோனிஷாவிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்கு சார்? நான் கையால புடிக்கறவ. காலப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?" என்றாள் மோனிஷா. வேறு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

இரண்டாவது பாதி தொடங்கியது. சங்கவி என் பக்கத்துப் படியில் வந்து உட்கார்ந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டாள். அழுகிறாளா என்று பார்த்தேன். அழவில்லை. பந்து போகிற பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தலில் இருந்த இரண்டு பேரில் ஒருத்தர் நோட்டில் எதையோ எழுதினார்.

"ஏன்டி சொல்லல?" என்றேன்.

"இன்னான்னு சொல்றது? ஆயாம்மா சுத்த விடலன்னா?"

"அதத்தான்."

"சொன்னா உங்கள காலையில வர வேணாம்னுடுவாரு. அப்புறம் யாரு வருவா? எங்க அம்மா வருமா? வேற யாராவது பந்து மூட்டையத் தூக்கினு வருவாங்களா? சின்னதுங்க எல்லாம் நாலு நாள்ல நின்னுடும்."

பதினேழு வயசு. பட்டை போன பிறகும் அவள் கேப்டனாகத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். நான் என் கூச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவளே சொன்னாள். "நீங்க போய் சொல்லுங்கன்னு நான் கேக்க மாட்டேன் ஆயாம்மா. ஆனா சொன்னா நல்லாருக்கும்."

எழுந்தேன். சார் நின்ற இடம் இருபது தப்படி இருக்கும். ஐம்பத்தேழு வயசு வரைக்கும் நான் யாரிடமும் என் தப்பை வாய்விட்டுச் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. நடக்கும்போது என்ன சொல்வது என்று வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். கிட்டே போனதும் சேர்த்ததெல்லாம் போய்விட்டது.

"சார். நான் சுத்த வைக்கல."

"இன்னாம்மா?" அவர் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இடது பக்கம். நான் சுத்த வைக்கல. நீங்க கேக்கும்போதெல்லாம் சும்மா தலையாட்டினேன். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

அவர் திரும்பினார். "ஒரு நாள் கூடவா?"

"ஒரு நாள் கால் சுத்து."

"ஏன்?"

"சாவுக்குதான் சார் நாங்க அப்டி சுத்துவோம். அவரு போன வருஷம் அது. என்னால புள்ளைங்கள அப்டிப் பாக்க முடியல."

அவர் சிரிப்பார் என்று இரண்டு வருஷம் பயந்தேன். சிரிக்கவில்லை. கத்துவார் என்று அந்த இருபது தப்படியும் பயந்தேன். கத்தவும் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்தார்.

"அப்ப இதுங்களுக்கு வலது பக்கம் மட்டும்தான் வரும்?"

"ஆமா சார்."

"நல்லா வருமா?"

"ரொம்ப நல்லா வரும் சார்."

"சங்கவி!" என்று கத்தினார். துண்டு கீழே விழ அவள் எழுந்து நின்றாள். "உள்ள போ. ரைட்ல வேணாம். அந்தாண்ட, லெஃப்ட்ல நில்லு. உனக்கு வர்ற பக்கமே திரும்பு."

அந்தப் பிரிவில் வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகலாம் என்று விதி இருந்தது. இல்லாவிட்டால் நான் சொன்னதற்கும் பிரயோஜனம் இருந்திருக்காது. ஆட்டம் நின்ற நேரத்தில் அவள் உள்ளே ஓடினாள். மோனிஷா கோலிலிருந்து பட்டையைக் கழற்றி வீசினாள். "இந்தாடி, எனக்கு அப்பவே லூசா இருந்துச்சு!"

இடது ஓரத்தில் நிற்கிறவள் வலமாகத் திரும்பினால் நேராகக் கோல். எதிர் அணிப் பெண்கள் சங்கவியை மறிக்கத் தெரியாமல் தடுமாறினார்கள். முதல் தடவை போனதிலேயே கோல் அடித்தாள். இன்னொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தொப்பி போட்ட அந்தப் பெண் எங்கள் சாரைப் பார்த்து, "இன்னா சார், இவ்ளோ நேரம் எங்க வச்சிருந்தீங்க இந்தப் பொண்ண?" என்று கேட்டார். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் பெயர் படித்தார்கள். எங்கள் அணியில் மோனிஷா பெயர் மட்டும் வந்தது. முதலில் கைதட்டியது சங்கவி. சார் பந்தலுக்குப் போய்ப் பேசினார். நானும் பின்னால் போய் நின்றேன்.

"அந்த கேப்டன் பொண்ணு கடைசியில நல்லா ஆடிச்சு சார், நாங்களும் பாத்தோம்" என்றார் நோட்டு வைத்திருந்தவர். "ஆனா ரெண்டாவது பாதி ஆரம்பத்துலயே வெளிய உக்காந்துடுச்சு. அடி பட்டுடுச்சுன்னு நெனச்சு அப்பவே பேர முடிச்சுட்டோம்."

இடைவேளையில் அவள் என்னைப் பார்த்ததிலிருந்து நான் எழுந்து போய்ச் சொன்னது வரைக்கும் எவ்வளவு நேரம் என்று பிறகு சாரிடம் கேட்டேன். பன்னிரண்டு நிமிஷம் இருக்கும் என்றார். அவசர நேரத்தில் தப்பை ஒத்துக்கொள்கிறவர்கள் ஒத்துக்கொண்டதற்காக மெச்சிக்கொள்ளலாம். நான் மெச்சிக்கொள்வதில்லை. பன்னிரண்டு நிமிஷம் பிந்தினேன். சங்கவிக்கு மாவட்டச் சட்டை அதில்தான் போனது.

ஊர் திரும்ப வேன் கிளம்பியதும் சார் முன் சீட்டிலிருந்து பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"எல்லாரும் கேளுங்க. ரெண்டு வருஷமா ஆயாம்மாகிட்ட கேட்டுனே இருந்தேன். தலை ஆடினதப் பாத்தேன், கால் ஓடினதப் பாக்கல. ஒரே ஒரு திங்கக்கிழமை வந்து பாத்திருந்தா போதும். சங்கவி, உன்கிட்ட ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம பட்டையக் கழட்டினேன். அது என் தப்பு."

"அப்ப தோத்தது யார் தப்பு சார்?" என்றாள் மோனிஷா.

"அது உன்னுது. ரெண்டு கோல் உள்ள விட்டது யாரு?"

வேன் முழுக்கச் சிரிப்பு. சங்கவி சிரிக்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்க கடைசி வரைக்கும் சொல்லாம இருந்திருந்தா, இனிமே நான் காலையில வந்திருக்க மாட்டேன் ஆயாம்மா."

"இப்ப?"

"வரேன்."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவள். நல்லதாக நாலு வரி கேட்டாளே, எனக்குத் தெரிந்த நல்ல வரி இதுதான்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சாரின் வண்டி வந்து நின்றது. கடையைத் திறக்காமல் வந்திருந்தார். என்னைப் போகச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பந்து மூட்டையை அவர் காலடியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவர் அதைத் தாண்டி நடந்து, எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொன்னார். என்னையும்.

"இடது பக்கமா சுத்தறதுக்கு யாருக்கெல்லாம் மனசு இல்ல? கை தூக்குங்க. திட்ட மாட்டேன்."

யாரும் தூக்கவில்லை. பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். இவ்வளவுதான், ஓடுங்கள் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். சாலையில் பால் வண்டி போயிற்று. யாரோ இருமினார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார். என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் என்னால் முடிந்திருக்காது.

என் கை தோள் உயரத்துக்கு வந்தது. அதற்கு மேல் போகவில்லை.

அதைப் பார்த்து மோனிஷா தூக்கினாள். பிறகு ஒரு சின்னப் பிள்ளை. பிறகு இன்னும் நாலு பேர். ஏழு கை.

"ஏழு பேரு. சரி, மனசு இல்லாம யாரும் சுத்த வேணாம். ஆனா காலுக்கு ரெண்டு பக்கமும் வேணும். வழி சொல்லுங்க" என்றார் சார்.

சங்கவிதான் சொன்னாள். அவள் அப்போது ஸ்கூட்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். "சார், எட்டு போட்டா? லைசென்ஸுக்குப் போடுவாங்களே அது மாதிரி. ஒரு வளைவு இப்டி, ஒரு வளைவு அப்டி. வலமும் இல்ல, இடமும் இல்ல."

சார் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, எட்டுக்கு மனசு வருமா?"

"வரும் சார்" என்றேன். தலையாட்டவில்லை, வாயால் சொன்னேன். மோனிஷா ஓடிப்போய் இரண்டு கல்லை நட்டாள். "எல்லாரும் வரிசையா வாங்க, கால ஊனினா ஃபெயிலு!"

ஊரில் எல்லா மைதானத்திலும் வட்டமாக ஓட, நம் பிள்ளைகள் மட்டும் ஏன் எட்டாக ஓடுகிறார்கள் என்று உங்களில் ஒருத்தர் அன்றைக்குக் கேட்டீர்கள். இதனால்தான். மாவட்டச் சட்டை போடாத சங்கவி கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு அவளிடம் எட்டு போட்டவர்களில் எத்தனையோ பேர் அந்தச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் முதலில் கைதட்டுகிறவள் அவள்தான்.

முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இந்த மாதத்தோடு நான் காலையில் நிற்பதை விடுகிறேன். ஆறு மணிக்கு இனி நீங்கள் நிற்பீர்கள். பிள்ளைகளிடம் ஏதாவது புதிதாகச் செய்யச் சொன்னால், யாருக்கு மனசு இல்லை என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே அடுத்த வேலைக்குப் போய்விடாதீர்கள். உங்கள் எல்லோர் கையிலும் கடிகாரம் இருக்கிறது, அந்த நேரத்தில் அதைப் பார்க்காதீர்கள். கூச்சப்படுகிற பிள்ளையின் கை மேலே வர நேரம் ஆகும். எனக்கு ஐம்பத்தேழு வருஷம் ஆயிற்று. அதுவும் ஒரு மனிதர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, என் பக்கம் பார்க்காமல் காத்துக்கொண்டு நின்றதால்.